நெஞ்சு ஏன் படபடக்கிறது?



கணக்குத் தேர்வு நாள். வினாத்தாள் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. மூச்சு வாங்குகிறது. விரல் நுனியெல்லாம் மதமதவென்று மரத்துப் போகிறது.

இன்னொரு நாள், விருந்தில் இறால் வறுவல் சாப்பிட்ட ஒரு பிள்ளைக்கும் இதே படபடப்பு, இதே மூச்சு வாங்கல்.

"இரண்டும் ஒன்றுதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறாயா? சபாஷ்! டாக்டர்களும் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள்.

உன் பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். வீட்டுக்குப் போகச் சொல்வதும் அதே மணிதான். ஆபத்து என்றால் எல்லாரையும் வெளியே கூப்பிடுவதும் அதே மணிதான். ஓசையை மட்டும் கேட்டால் காரணம் தெரியாது. சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். படபடப்பும் அப்படித்தான். புரிகிறதா? சரி, வா, பார்ப்போம்.

முதலில் பயம். உன் சிறுநீரகங்களுக்கு மேலே இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. பயந்தால் அவை அட்ரினலின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். ஜோகிச்சி தகமைன் என்ற ஜப்பானிய வேதியியலர் அதைத் தனியே பிரித்தெடுத்து 1901-இல் உலகுக்குச் சொன்னார். ஓடவோ எதிர்த்து நிற்கவோ அது உடம்பைத் தயார் செய்யும். அதனால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது.

அப்போது மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவாய். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான்.

இப்படித் திடீரென்று வருவதுதான் பயத் தாக்குதல். அது பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்லத் தணியும். இது நடிப்பல்ல, கண்மணி. உண்மையான வேதனை. "சும்மா பயப்படாதே" என்று யாரையும் அதட்டிவிடாதே. பக்கத்தில் உட்கார். "மெதுவாக மூச்சு விடு, நான் இருக்கிறேன்" என்று சொல். அதுவே பெரிய உதவி.

அடுத்தது அலர்ஜி. நம் உடம்பைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி, கெடுதல் செய்யாத இறாலையோ வேர்க்கடலையையோ எதிரி என்று எண்ணிவிடுகிறது. உடனே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் வெளிப்படுகின்றன. தோலில் அரிப்பு வரும். திட்டுத் திட்டாகத் தடிக்கும். உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கும். வாந்தி வரலாம். குரல் கம்மலாம். ரத்த அழுத்தம் விழுந்து மயக்கமும் வரலாம்.

பயம் உதட்டையும் நாக்கையும் வீங்க வைப்பதில்லை. இதுதான் நல்ல துப்பு. இன்னொரு துப்பு, நேரம். சாப்பிட்ட, மருந்து எடுத்த, அல்லது குளவி கொட்டிய சில நிமிடங்களில், மிஞ்சினால் 2 மணி நேரத்தில், அலர்ஜி பெரும்பாலும் தலைகாட்டிவிடும். ஆனால் ஒன்று: சிலருக்குத் தோலில் எதுவுமே தெரியாமல் மூச்சு மட்டும் திணறும்.

இப்போது ஓர் ஆச்சரியம்! கடுமையான அலர்ஜிக்கு டாக்டர் முதலில் போடும் ஊசி மருந்து எது தெரியுமா? அதே அட்ரினலின்தான்! தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவார்கள். விழுந்த ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தும். இறுகிய மூச்சுக் குழாயைத் திறந்துவிடும். பயத்தில் நம்மைப் படபடக்க வைப்பதுதான் இங்கே உயிர் காக்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. மூச்சு விடும்போது 'ங்ஙீ' என்று விசில் சத்தம், கூடவே இருமல் என்றால் அது வீசிங் எனப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அது உள்ளவர்களுக்கு இன்ஹேலர் வேண்டும். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்தாலும் வேர்க்கும், கை நடுங்கும். நினைவோடு இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

இத்தனையையும் நீயே பிரித்துச் சொல்ல வேண்டுமா? வேண்டாம், கண்ணே. அது டாக்டரின் வேலை. வீக்கமோ மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால், "பயமாகத்தான் இருக்கும், தானே சரியாகிவிடும்" என்று காத்திருக்காதே. பெரியவர்களைக் கூப்பிடு. 108-க்குப் போன் செய்யச் சொல். அலர்ஜி வந்தவரை எழுந்து நடக்க விடாதே. படுக்க வை. மூச்சுத் திணறினால் உட்கார வை.

டாக்டர் வந்ததும் மூன்று விஷயம் சொல்: என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தொடங்கியது, தோலில் என்ன தெரிந்தது. அடிக்கடி பயத் தாக்குதல் வருகிறதென்றால் அதையும் அம்மா அப்பாவிடமோ டீச்சரிடமோ மறைக்காமல் சொல். அதற்கும் நல்ல வைத்தியம் இருக்கிறது. கூர்ந்து கவனிக்கவும் வாய்விட்டுச் சொல்லவும் தெரிந்த பிள்ளை, ஒரு தோழனின் உயிரையே காப்பாற்றும்.