பானெட்டுக்குள் எழுதிய வானிலை

எங்கள் மஞ்சள் டிராக்டரின் பானெட்டைத் தூக்கினால், உட்புறத் தகட்டில் வரிசையாகச் சில வரிகள் தெரியும். ஆணி முனையால் பெயின்டைக் கீறி எழுதியவை. கீறலில் துரு ஏறி, எழுத்து காப்பித்தூள் நிறத்தில் நிற்கிறது. முதல் வரி: "ஏப்ரல் 73. பனிப்புயல். ஆயில், பிளக்." இன்னும் கீழே: "ஜூலை 93. மழை நிற்கவில்லை. பெல்ட்." எந்த வரியை எடுத்தாலும் அன்றைக்கு வானம் எப்படி இருந்தது, வண்டியில் எது போனது என்ற இரண்டும் சேர்ந்தே இருக்கும். கீறியவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். 1971-இல் இந்த வண்டியைப் பழையதாக வாங்கியவர் அவர். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் என்ற ஊரில். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள் நான். வேலைக்காக இங்கே வந்தபோது இந்த ஊரில் எனக்குப் பழக்கமான ஒரே வாசனை, பக்கத்து ஷெட்டிலிருந்து வந்த ஆயில் வாசனை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெரியவரிடம் முதலில் பேசப் போனேன்.

டிராக்டர் என்றதும் வயலில் உழுகிற பெரிய வண்டி ஞாபகத்துக்கு வரும். இது அதன் குட்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகின. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மனையில் வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர் பண்ணையில் பிறந்தவர்கள். காய்கறிக்கு நாலு பாத்தி உழவேண்டும், புல் வெட்டவேண்டும், மார்கழியில் வாசல் பாதையிலிருந்து பனியைத் தள்ளவேண்டும். அவர்களுக்காக வந்ததுதான் தோட்டத்து டிராக்டர். இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில், தகப்பனும் மகனும் வீட்டு கராஜில் 1946-இல் தொடங்கியது வீல் ஹார்ஸ். விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டன் என்ற சின்ன ஊரிலிருந்து மட்டும் போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்று இரண்டு பெயர்கள் வந்தன. பெரிய டிராக்டர் செய்தவர்களும் இறங்கினார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 மாடலாகக் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. ஜான் டியர் 1963-இல் 110 என்ற மாடலை விட்டது. அதே ஜான் டியர் 1969-இல் வெள்ளை உடம்பு வண்டிகளுக்கு பானெட்டும் சீட்டும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று கேட்ட நிறத்தில் கொடுத்துப் பார்த்தது. அந்த நிற வண்டி ஒன்று ஒரு கண்காட்சிக்கு வந்துவிட்டால் அதைச் சுற்றி ஆட்கள் நகரமாட்டார்கள்.

எங்களுடையது கப் கேடட் 100. குதிரைத்திறன் பத்து. பண்ணை வண்டியான ஃபார்மால் கப்பின் கியர் பெட்டியை ஒட்டிச் செய்தது. என்ஜினிலிருந்து கியருக்கு பெல்ட் கிடையாது, இரும்பு ஷாஃப்ட்தான் சுற்றுகிறது. என்ஜின் கோலர் நிறுவனத்தின் ஒற்றைச் சிலிண்டர், பிளாக் வார்ப்பிரும்பு. குளியலறைத் தொட்டி செய்து பெயர் வாங்கிய அதே கோலர்தான். உள்ளே ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு நாக்கு இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஆயிலை அடித்து மேலே தெறிக்கவிடும். ஆயில் மட்டம் குறைந்தால் நாக்குக்கு எட்டாது. எட்டாவிட்டால் ராட் உடைந்து, சிலநேரம் இரும்புச் சுவரையே பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அதனால்தான் சாவியைத் தொடும் முன்பு ஆயில் குச்சியைத் தொடு என்பார் பெரியவர். பக்கவாட்டில் உருளையாக ஒன்று தொங்குகிறதே, அது செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் சேர்ந்த ஒரே பொருள். சாவியைத் திருப்பினால் பெல்ட் வழியே என்ஜினைச் சுற்றிவிடும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே பெல்ட் அதைச் சுற்ற, அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

இதையெல்லாம் நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் எந்தப் பாகமும் ஒளிந்துகொள்ளவில்லை. ஒரு செட் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் யாரும் திறந்து பார்க்கலாம். அறுபது வருஷம் கழித்தும் இவை ஓடுவதற்கு அதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

நான் கற்ற முதல் வேலை பாயின்ட் சுத்தம் செய்வது. நம் ஊர் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்பார்களே, அதேதான். ஜூன் மாதப் புழுக்கத்தில் வண்டி சுற்றும், பெட்ரோல் வரும், ஆனால் பிடிக்காது. பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இரும்பில் ஒட்டவைத்து, சாவியைத் திருப்பினோம். பொறி இல்லை. என்ஜினின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே எதிரெதிராக இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள். மூடித் திறக்கும்போதெல்லாம் பிளக்கில் பொறி பறக்கவேண்டும். எங்களுடையதில் பொட்டின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பொட்டுகளுக்கு நடுவே வைத்து, இழுக்கச் சொன்னார். கார்டில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாமல் கார்டு வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். பிறகு ஃபீலர் கேஜ். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். தகட்டை நுழைத்து இழுத்தால் வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரியவேண்டும். தெரிந்தது. இரண்டாம் சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. என் மகள் கைதட்டினாள்.

பெட்ரோல் இங்கே தனித் தொல்லை. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பதில் ஐயோவாதான் நாட்டில் முதல் மாநிலம். பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது பத்து சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுக்க டாங்கில் கிடந்தால் கார்புரேட்டர் துளைகள் அடைத்துப் போகும். எத்தனால் இல்லாத பெட்ரோல் எந்த பங்கில் கிடைக்கும் என்பது பழைய வண்டிக்காரர்கள் சந்தித்தால் முதல் ஐந்து நிமிடத்தில் கைமாறும் செய்தி. இன்னொன்று, பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க டயருக்குள் திரவம் ஊற்றி எடை கூட்டுவார்கள். தண்ணீர் உறைந்துவிடும். அதனால் பலர் ஊற்றுவது சர்க்கரை பீட்ரூட்டின் சாறு. இங்குள்ள குளிரை நினைத்தால் அது விந்தையாகத் தெரியாது. 2019 ஜனவரி 31 அன்று பக்கத்து மாநிலமான இல்லினாயில், மவுன்ட் கேரல் என்ற ஊரில் ஏறத்தாழ மைனஸ் 39 டிகிரி செல்சியஸ்.

பானெட்டின் உள்ளே, பாதி உயரத்தில், எழுத்துகளுக்குக் குறுக்காக ஒரு மங்கிய கோடு ஓடுகிறது. 2008 ஜூன் மாத வெள்ளம் விட்டுப்போனது. 12 அடி தொட்டால் வெள்ளம் என்று சொல்லும் சீடர் ஆறு அந்த ஜூன் 13 அன்று 31 அடிக்கு ஏறியது. பெரியவரின் பழைய வீடு ஆற்றோரம் இருந்தது. வீடு போயிற்று. ஷெட்டில் வண்டி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் ஆயிலைத் திறந்துவிட்டால் பால் கலந்த தேநீர்போல வந்ததாம். டீசல் ஊற்றி அலசி, செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்து, மூன்று முறை ஆயில் மாற்றி ஓட்டியிருக்கிறார். வீட்டிலிருந்து மீட்க முடிந்த பெரிய பொருள் இது ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் பார்த்த பேரழிவு 2020 ஆகஸ்ட் 10. திங்கட்கிழமை. காலையில் நல்ல வெயில், புழுக்கம். மதியம் பன்னிரண்டரை வாக்கில் ஊர்ச் சைரன் ஊதியது. சைரன் என்றால் சூறாவளி என்று நிலவறைக்கு ஓடினோம். சூறாவளியென்றால் சில நிமிடம் சுழன்றுவிட்டுப் போகும். இது முக்கால் மணி நேரம் ஒரே திசையில் அறைந்தது. இதற்கு டெரேச்சோ என்று பெயர். இடிமேகங்கள் வில்லாக வரிசைகட்டி, நேர்கோட்டில் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும் புயல். ஸ்பானிய மொழியில் 'நேர்' என்று பொருள்படும் அந்தச் சொல்லை 1888-இல் இதற்குச் சூட்டிய குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், எங்கள் பக்கத்து நகரமான ஐயோவா சிட்டியில் பேராசிரியராக இருந்தவர். அன்றைய புயல் தெற்கு டகோட்டாவிலிருந்து ஒஹாயோ வரை 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர் போனது. எங்கள் ஊரில் உச்சமாக மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும் என்று வானிலைத் துறை பிறகு கணித்தது. ஊரின் மர நிழலில் பாதிக்கும் மேல் அன்று மதியம் போய்விட்டது.

மேலே வந்து கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். இலைதான் இருந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் எப்படியோ லைன் கிடைத்து அப்பாவிடம் பேசினேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்கவைத்தபோது இப்படித்தான் அவருக்கு லைன் கிடைக்காமல் நான் தவித்திருக்கிறேன். அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "பாதையை எடுத்துட்டியாம்மா?" என்றுதான் கேட்டார். கஜா அவருக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது.

எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் தெருவில் எல்லோரும் ஷெட்டைத் திறந்தபோது நாலு பழைய டிராக்டர்கள் வெளியே வந்தன. ஒரு சிவப்பு வீல் ஹார்ஸ், ஒரு போலன்ஸ், ஒரு சிம்ப்ளிசிட்டி, எங்களுடையது. வாலிபர்கள் மரம் அறுக்க, நாங்கள் துண்டுகளைச் சங்கிலியால் கட்டி இழுத்தோம். பங்குகளில் பெட்ரோல் இருந்தது, மேலே ஏற்றக் கரண்ட் இல்லை. நின்றுபோன கார்களிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி டிராக்டருக்கு ஊற்றினோம்.

அந்த மூன்றாம் நாள் மாலை எங்கள் வண்டி இழுவை குறைந்து, சூட்டு வாடை அடித்தது. பெரியவர் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். என்ஜினைச் சுற்றியுள்ள தகர உறையைக் கழற்றினோம். காற்றால் குளிரும் என்ஜின் இது. சிலிண்டரைச் சுற்றி உள்ள தகடுகளின் இடுக்கில் காற்று ஓடவேண்டும். இடுக்கு முழுவதும் எலிக் கூடு. காய்ந்த புல், எங்கள் சீட்டிலிருந்தே பிய்த்த பஞ்சு, மேலே மரத்தூள், எல்லாம் சேர்ந்து வறட்டிபோல அடைந்திருந்தது. வருஷம் ஒருமுறை உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. ஹெட் கேஸ்கெட் எரிந்துவிட்டது.

செய்தி வாய்வழியாகப் போயிற்று. மறுநாள் அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, முன்பின் தெரியாத ஒரு விவசாயி, முறிந்து விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு கேஸ்கெட்டோடு வந்தார். அவருடைய சோளம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. அதைச் சொல்லிக்கொண்டே, ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒரே பக்கம் முறுக்கினால் ஹெட் கோணிவிடும். பணம் வாங்க மறுத்துவிட்டார். மரக் கடைசலுக்கென்று ஒரு மேப்பிள் துண்டு மட்டும் எடுத்துப்போனார். பெரியவருக்கு அப்போது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆணியை என் மகளிடம் கொடுத்தார். "ஆக. 2020. டெரேச்சோ. கேஸ்கெட்" என்று அவள்தான் கீறினாள்.

அடுத்த வருஷம் அவர் மின்னசோட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். வண்டியோடு ஒரு பிஸ்கட் டின்னையும் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பாயின்ட்கள், கன்டென்சர்கள், அந்த ஆணி.

இந்த மாநிலத்தின் தென்கிழக்கில் மவுன்ட் பிளசன்ட் என்ற ஊரில், 1950 முதல் பழைய கதிரடிப்பவர்களின் கூடுகை நடக்கிறது. செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தோடு முடியும் ஐந்து நாள் திருவிழா. நீராவி என்ஜின்கள் மைதானத்தில் புகைவிடும். 2024-இல் எங்கள் வண்டியைக் கொண்டுபோய் பானெட்டைத் திறந்து வைத்தேன். எழுபது வயதிருக்கும், ஒருவர் குனிந்து படித்துக்கொண்டே வந்தவர் "ஏப்ரல் 73" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்தப் பனிப்புயலில் அவருடைய அப்பா வீட்டுக் கதவிலிருந்து மாட்டுக்கொட்டகைவரை ஒரு கயிறு கட்டினாராம். நீட்டிய கை தெரியாத பனி. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்ப் பால் கறந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்பினார்களாம். வழியில் அப்பாவின் கையுறை கயிற்றோடு உறைந்து ஒட்டிக்கொண்டதாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் எங்கள் டைனமோ பெல்ட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்புறம் வெடிப்பு. தன் வேனுக்குப் போய் ஒரு புது பெல்ட் கொண்டுவந்தார்.

மாலையில் மாட்டி முடித்து, ஆணியை எடுத்து, தமிழில் கீறினேன். "ஆக. 2024. வெயில். பெல்ட். கயிறு." கடைசியில் இருப்பது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். குனிந்து அந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.