பன்னிரு திங்களும் பூக்கும் முற்றம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் மரச்சீனியும் வளர்கின்றன. மேட்டு நிலங்களில் ரப்பர் மரங்கள் அடர்ந்துள்ளன. களியக்காவிளை எல்லையைக் கடந்தால் மார்த்தாண்டம். அது தேனுக்குப் பெயர்பெற்ற ஊர். 1920-களில் அங்குச் செயல்பட்ட ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம், பெட்டிகளில் தேனீ வளர்க்கும் முறையை உழவரிடையே பரப்பியது.

இவ்வட்டாரத்துத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் இலைக் காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடுகின்றன. அவ்விடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. இலையுதிர்த்த மரம் மீண்டும் தளிர்க்கும்போது அவற்றில் இனிய நீர் சுரக்கும். ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரை தேனீக்களுக்கு அதுவே விருந்து. இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும்.

ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் பஞ்சம் வருகிறது. வளர்ப்போர் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைக் காக்கின்றனர். ஆனால் பாகில் மகரந்தம் இல்லை. மகரந்தமின்றிப் புழுக்கள் வளர்வதில்லை. உணவு கிடைக்காத கூட்டம் பெட்டியைத் துறந்து பறந்துவிடுவதும் உண்டு.

இழப்பு தேனோடு முடிவதில்லை. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்கின்றன. தேனீ வாராவிடில் பிஞ்சு வெம்பி உதிரும்.

இக்குறையைச் சிறிய முற்றமும் ஓரளவு தீர்க்கும். அதற்குச் செடிகளை அறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதலாவது, காலம். எந்த மாதமும் பூவின்றிக் கழியலாகாது. தென்னை ஆண்டு முழுதும் பாளை விடும். துளசி பெரும்பாலான நாள்களில் பூத்திருக்கும். மழைக்காலத்தில் தொட்டாற்சிணுங்கி மகரந்தம் தரும். ஆதலால் வேலியோரத்தில் சிறிது விட்டுவைக்கலாம். ஓணப் பூக்களத்தில் இடம்பெறும் தும்பையும் தேனீக்களை ஈர்க்கும்.

இரண்டாவது, பூவின் வடிவம். இட்லிப்பூவின் குழல் நீண்டு குறுகியது. அதன் தேன் வண்ணத்துப்பூச்சிக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாக மாறியிருப்பதால் மகரந்தம் குறைவு. எனவே ஒற்றைச் செம்பருத்தியே சிறந்தது.

மூன்றாவது, பொறுமை. கறிவேப்பிலையைத் தின்னும் புழுக்களுள் சில, பின்னர் வண்ணத்துப்பூச்சிகளாகும். அவற்றைக் கொல்லத் தெளிக்கும் நஞ்சு தேனீக்களையும் கொல்லும்.

சொந்த நிலம் இல்லாதோரும் இதனைச் செய்யலாம். வாடகை வீட்டின் படிக்கட்டில் துளசி, கறிவேப்பிலை, ஒற்றைச் செம்பருத்தி என மூன்று தொட்டிகள் வைத்தாலே தேனீக்கள் வரத் தொடங்கும். சுவர் இடுக்கில் வாழும் கொசுத்தேனீயும் வரும், அது கொட்டாது. வீடு மாறும்போது தொட்டிகளையும் உடன் கொண்டு செல்லலாம்.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
துறந்து – கைவிட்டு
வெம்பி – முதிராமல் வாடி
இடுக்கு – குறுகிய இடைவெளி

வினாக்கள்
1. ரப்பர் மரத்தில் தேன்நீர் எங்கே, எப்போது சுரக்கிறது?
2. சர்க்கரைப் பாகு மட்டும் தேனீக்களுக்குப் போதாதது ஏன்?
3. அடுக்குச் செம்பருத்தியைவிட ஒற்றைச் செம்பருத்தி சிறந்தது எவ்வாறு?

செயல்பாடு
உன் வீட்டைச் சுற்றியுள்ள செடிகள் எம்மாதத்தில் பூக்கின்றன என்று பெரியோரிடம் கேட்டுப் பன்னிரு மாத அட்டவணை எழுதுக. பூ இல்லாத மாதத்திற்கு ஏற்ற ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நடுக.