கூட்டல் சரி, கணக்கு தப்பு

போடிநாயக்கனூர் மலைச்சரிவில் இயற்கை வழியில் ஏலக்காய் விளைவிக்கும் சிறு குழு எங்களுடையது. கணக்கு எழுதுவது நான். மார்ச் 31-க்கு முடித்த கணக்கில் 1,50,000 ரூபாய் உபரி. பற்றும் வரவும் பைசா பிசகாமல் ஒத்துப்போச்சு. உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துடலாம் என்றே பேசினோம். தணிக்கை முடிந்தபோது மிஞ்சியது 39,000தான். யாரும் காசை எடுக்கவில்லை. எல்லாம் நான் எழுதிய தப்பு.

ஒரு தொகையை எழுதும்போது அதோடு சில உறுதிகளையும் சேர்த்தே சொல்கிறோம். 'சரக்கு 100 கிலோ' என்றால், அது நிஜமாகவே இருக்கு, நமக்குச் சொந்தம், எதுவும் விட்டுப்போகலை, போட்ட விலை சரி என்று அர்த்தம். வரவு செலவு என்றால், அது இந்த ஆண்டுக்குரியது என்பதும் சேரும். தணிக்கையாளர் இந்த உறுதிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். நான் உடைத்தவை மூன்று.

காலம்: உறுப்பினர்களிடம் கிலோ 2,300-க்கு எடுத்த 100 கிலோவை மார்ச் 29-ல் ஏலத்துக்கு அனுப்பினோம். ஏப்ரல் 3-ல்தான் 2,500-க்கு ஏலம் போச்சு. நான் அதை மார்ச் விற்பனையில் சேர்த்துட்டேன். ஏலம் முடியும்வரை அது கையிருப்புச் சரக்குதான். அந்த லாபம் 20,000 அடுத்த ஆண்டுக்குரியது.

உரிமை: ஓர் உறுப்பினர் விலை ஏறட்டும் என்று எங்கள் ஸ்டோரில் விட்டுவைத்த 20 கிலோவையும் குழு இருப்பில் சேர்த்துட்டேன். சரக்கு இருக்கு, ஆனா எங்களுடையது இல்லை. 46,000 குறைந்தது.

முழுமை: மார்ச்சில் வேப்பம்புண்ணாக்கு வாங்கி உறுப்பினர்களுக்கு விற்றோம். விற்ற வரவை எழுதினேன். கடைக்காரர் பில் 45,000 ஏப்ரலில் வந்தது, எழுதவில்லை. செலவும் ஏறலை, கடனும் ஏறலை. இரண்டு பக்கமும் விட்டுப்போனா கூட்டல் எப்படி இடிக்கும்? உபரியைப் பிரித்திருந்தால் இந்தக் கடனை அடைக்கக் கைநீட்டித்தான் நின்றிருப்போம்.

பெரிய கம்பெனியில் மோசடி நடந்தாலும் உடைவது இதே உறுதிகள்தான். 2009 ஜனவரி 7-ல் சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை, 1,230 கோடி கடன் குறைத்துக் காட்டப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். முதலாவது இல்லாததை இருப்பதாக எழுதியது. இரண்டாவது இருந்ததை எழுதாமல் விட்டது.

இரண்டையும் ஒரே மாதிரி தேட முடியாது. எழுதியது நிஜமா என்று பார்க்க நோட்டிலிருந்து ஸ்டோருக்குப் போகணும். விட்டுப்போனதைப் பிடிக்க, ஏப்ரல் பில்களையும் கடைக்காரர் கணக்கையும் எடுத்துக்கொண்டு நோட்டுக்கு வரணும்.

இயற்கை வேளாண் சான்று ஆய்விலும் இதே கேள்விதான். பச்சைக்காய் ஏறத்தாழ 5 கிலோ காய்ந்தால் 1 கிலோ. 500 கிலோ பறித்த தோட்டத்தில் 150 கிலோ விற்றதாக நோட்டு சொன்னால், மீதி 50 கிலோ யார் தோட்டத்துக் காய்?

இப்போதெல்லாம் மார்ச் 31 மாலை ஸ்டோரில் ஒவ்வொரு மூட்டையிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிக் கட்டுகிறோம். ஏலத்துக்குப் போன சரக்கைத் தனியாகக் குறிக்கிறோம். ஏப்ரல் பில்களைப் பார்த்த பிறகே கணக்கை முடிக்கிறோம். அதுக்கு அப்புறம்தான் உபரியைப் பற்றிப் பேச்சு.