எடைக்குப் போகும் மோட்டார் புத்தகங்கள்

சந்தனக் கட்டையை விறகு விலைக்கு விற்றவனைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிப்போம். அதே காரியம் நம் கடைகளிலும் பல்லாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது என்று சொன்னால் வணிகப் பெருமக்கள் கோபிக்கக் கூடாது. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கி, தாள் தாளாகக் கிழித்து, கடுகும் சீரகமும் வெந்தயமும் மடித்துக் கொடுத்தோமே, அந்தத் தாள்களில் அரிய புத்தகங்களும் இருந்தன. அவற்றுள் ஒரு வகையைப் பற்றியே இக்கட்டுரை. மோட்டார் வண்டிகளையும் மோட்டார் பந்தயங்களையும் பற்றிய புத்தகங்கள் அவை.

"மளிகைக் கடைக்காரனுக்கும் மோட்டார் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூரில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் சம்பந்தம் புரியும். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை அந்தக் கணவாய் வழியாகத்தான் இறங்குகிறது. மேட்டூர், பவானி பக்கம் போகிறவர்கள் பிரிவதும் அங்கேதான். வடக்கேயிருந்து நம் மண்டிகளுக்கு வரும் பருப்பும் பூண்டும் உருளைக்கிழங்கும் அந்த இறக்கத்தைக் கடந்த பிறகுதான் நம் கல்லாவுக்குக் காசாகின்றன. லாரி இல்லையேல் மளிகை இல்லை. அந்த லாரியின் கதையும் காரின் கதையும் எழுதிவைக்கப்பட்ட இடம் இந்தப் புத்தகங்கள்தாம்.

இலவசமாகக் கொடுத்ததும் விலை வைத்ததும்

மோட்டார் புத்தகங்களிலே உலகம் முழுவதும் பேர் பெற்றது பிரான்சு நாட்டு மிஷலின் டயர் கம்பெனியின் வழிகாட்டி. 1900-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சிட்டு, வண்டி வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. வண்டி அதிகம் ஓடினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் வியாபாரம் நடக்கும் என்பது கணக்கு.

பிறகு நடந்ததை அந்த நிறுவனத்தாரே சொல்லி வருகிறார்கள். முதலாளிகளில் ஒருவரான ஆந்திரே மிஷலின் ஒரு டயர் கடைக்குப் போனபோது, பட்டறை மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் தம் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருந்ததைக் கண்டாராம். காசு கொடுத்து வாங்கியதைத்தான் மனிதர் மதிப்பர் என்று உணர்ந்து, 1920-இல் அதற்கு 7 பிராங்க் விலை வைத்தார்கள். கடனுக்கும் ஓசிக்கும் சரக்குக் கொடுத்து அனுபவப்பட்ட நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசைக் காலுக்குப் போன அந்த முதல் பதிப்பைத்தான் இன்றைக்குச் சேகரிப்போர் பெரும் தொகை கொடுத்து ஏலத்தில் எடுக்கிறார்கள்.

ஆங்கில நாட்டில் 'ஆட்டோகார்' என்ற வார இதழ் 1895-இலேயே தொடங்கிவிட்டது. 1924-இல் வேறு பெயரில் பிறந்து அடுத்த ஆண்டே 'மோட்டார் ஸ்போர்ட்' ஆன மாத இதழ், பந்தயச் செய்திகளுக்கு ஆதார நூல் போன்றது. அதன் நிருபர் டெனிஸ் ஜென்கின்சன் 1955-இல் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸ் காரில் உடன் அமர்ந்து சென்றார். வழியிலுள்ள வளைவு, மேடு, பாலம் எல்லாவற்றையும் சுமார் 18 அடி நீளத் தாளில் எழுதி, சுருளாகச் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, உருட்டி உருட்டிப் படித்துக் கைச்சாடையால் சொல்லிக்கொண்டே போனார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்து முதலிடம் பெற்றார்கள். எழுதி வைத்த ஒரு தாள் பந்தயத்தையே வென்று கொடுத்தது! திரும்பி வந்து அவர் எழுதிய கட்டுரை வெளியான இதழுக்கு இன்றும் கிராக்கி உண்டு.

நம் மண்ணின் மோட்டார் வரலாறு

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னை சிம்சன் கம்பெனியின் பட்டறையில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இலேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். கோவை ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் பெற்றது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் தயாரானது.

பந்தயத்திலும் நாம் பின்தங்கவில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் அமைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. வெளியூர்களிலிருந்தும் கூட்டம் திரண்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கோவை எஸ். கரிவரதன் உள்நாட்டு உதிரிபாகங்களைக் கொண்டே பந்தயக் கார்கள் செய்து, சாதாரணக் குடும்பத்துப் பையன்களும் ஓட்ட வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அதே கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இவ்வளவும் நடந்திருக்கிறது. ஆனால் சோழவரம் பந்தயத்தைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் எங்கே போவது? பந்தய நாளில் விற்ற நிகழ்ச்சி நிரல், ஆண்டு மலர், நுழைவுச் சீட்டு, பத்திரிகைத் துணுக்கு இவைதாம் ஆதாரம். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர் போன சென்னை மூர் மார்க்கெட் 1985 மே 30-இல் தீக்கிரையானபோது எத்தனை புத்தகக் கட்டுகள் சாம்பலாயின என்று யார் கணக்கெடுத்தார்கள்? மிச்சம் இருப்பவை பழைய வீட்டுப் பரண்களிலும், மெக்கானிக் ஷெட் அலமாரிகளிலும் கிடக்கின்றன.

சிம்சன் கம்பெனியின் 150 ஆண்டுக் கதையை எஸ். முத்தையா 1990-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். மகாராஜாக்களின் கார்களைப் பற்றி மன்வேந்திர சிங் பர்வானியும் சாரதா திவிவேதியும் எழுதிய நூல் 2003-இல் வந்தது. இத்தகைய நூல்கள் எழுதப்படுவதே பழைய தாள்களை யாரோ பத்திரப்படுத்தி வைத்ததால்தான்.

தொப்பூர் இறக்கமும் பழைய பாடமும்

பழைய ஓட்டுநர் கையேடு எதைப் புரட்டினாலும் ஒரு பாடம் இருக்கும். எந்த கியரில் மேட்டை ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. நியூட்ரலில் விடாதே, எஞ்சினை நிறுத்தாதே. டீசல் மிச்சமாகும் என்று நினைத்து இதை மீறுகிறவர்கள் தொப்பூரில் தங்கள் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். காரணம் எளியது. பாரம் ஏற்றிய லாரியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்புக் குறையும். திரும்பத் திரும்ப மிதித்தால் காற்றழுத்தமும் இறங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டாலோ காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் நின்று போகும். அடுத்த வளைவில் மிதித்தால் பிரேக் இருக்காது.

பந்தய நூல்களும் இதைத்தான் சொல்கின்றன. 1957-இல் இத்தாலிய ஆயிரம் மைல் பந்தயத்தை வென்ற பியரோ தருஃபி ஓர் என்ஜினியர். பந்தய ஓட்டும் முறை பற்றி அவர் எழுதிய நூல் 1959-இல் ஆங்கிலத்தில் வந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது அக்கலையின் அரிச்சுவடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போனவர்களே கணக்குப் போட்டுத்தான் போனார்கள். நம் சரக்கை ஏற்றி வரும் ஓட்டுநர் தம்பிக்கு இப்படி ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினால் அது புண்ணியம்.

எதற்கு விலை உண்டு?

இனி வியாபாரக் கண்ணோடு பார்ப்போம். மோட்டார் புத்தகங்களில் சேகரிப்போர் தேடுவன பெரும்பாலும் இவை:

1. வண்டியோடு கம்பெனி கொடுத்த உரிமையாளர் கையேடு, பட்டறைக் கையேடு, ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல். டாட்டா மெர்சிடிஸ் லாரி (1954 முதல் 1969 வரை அக்கூட்டு இருந்தது), லேலண்ட், ஸ்டாண்டர்டு, பியட், 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் ஆகியவற்றுக்கு உரியவை.

2. பந்தய நிகழ்ச்சி நிரல்கள், கிளப் ஆண்டு மலர்கள்.

3. விற்பனைத் துண்டறிக்கைகள், பழைய விலைப்பட்டியல்கள், சாலை வரைபடங்கள்.

4. பந்தய வீரர்களின் வாழ்க்கை நூல்கள், குறிப்பாக முதற்பதிப்பு.

ஒரே புத்தகத்துக்கு இரண்டு விலை ஏன் என்றால், அதன் நிலைமைதான் காரணம். மேலுறை கிழியாமல் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. கையேட்டில் மடித்து வைத்த ஒயரிங் படம் காணாமல் போயிருந்தால் பாதி மதிப்புப் போயிற்று. ஆனால் ஓரத்தில் பழைய மெக்கானிக் பென்சிலால் எழுதிய குறிப்பைக் குறை என்று அழித்துவிடக் கூடாது. அது அனுபவம்.

இன்னொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெருமை வாகனமாகத் தனியே பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. வண்டி ஆதி வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆதி வடிவம் எது என்று பார்க்கக் கம்பெனிப் புத்தகம் கைகொடுக்கும்.

அதற்காக, கடை முதலை எடுத்து இதில் போடுவது அறிவீனம். இது தங்கமல்ல; நினைத்த அன்று விற்க முடியாது. வாங்க ஆள் வரும் வரை பத்து வருடமும் காத்திருக்க நேரும். ஆசைக்குச் சேர்ப்பவர் சேர்க்கலாம். அவசரத்துக்கு விற்கலாம் என்று நினைப்பவர் சேர்க்க வேண்டாம்.

காப்பது எப்படி?

செலவில்லாத காரியம்தான். தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வையுங்கள். அரிசி மூட்டைக்குச் செய்வதே இதற்கும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். பைண்டரிடம் கொடுத்தால் விளம்பரப் பக்கங்களையும் அட்டையையும் வெட்டி எறியாதிருக்கச் சொல்லுங்கள். பழைய கம்பெனிகளின் முகவரியும் அன்றைய விலையும் அந்த விளம்பரங்களில்தான் இருக்கின்றன. என்ன புத்தகம், எந்தத் தேதியில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நம் கடமை

முன்பு இந்தத் தாள்கள் கடைக்காரர் கையில் ஒரு முறையாவது பட்டன. நல்ல படம் கண்ணில் பட்டால் எடுத்து வைத்தவரும் உண்டு. செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லிவிட்டன. மக்கள் உடல்நலத்துக்கு அது நல்லதே. ஆனால் கட்டுக் கட்டாகப் போகும் பழைய காகிதம் இப்போது யார் கண்ணிலும் படாமல் நேரே ஆலைக்குப் போய்க் கூழாகிவிடுகிறது. எனவே கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். செல்வந்தரல்லர். தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்தது. பிறர் குப்பை என்று தள்ளியதை அவர் சரக்கு என்று அறிந்தார்.

வணிகர்களாகிய நாம் மூன்று காரியம் செய்யலாம். பழைய பேப்பர் கடை நண்பரிடம் மோட்டார் புத்தகம் வந்தால் சொல்லி வைக்கலாம். லாரி செட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஓட்டுநர், மெக்கானிக் இவர்கள் வீட்டில் உள்ளதை எடைக்குப் போடுமுன் காட்டச் சொல்லலாம். நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் உள்ள நம் சங்கக் கட்டடங்களில் இதற்கென ஓர் அலமாரி வைக்கலாம். ஓட்டுநர்கள் வந்து புரட்டட்டும். பிள்ளைகள் படம் பார்க்கட்டும்.

சரக்கின் மதிப்பைத் தரம் பிரித்து அறிவதே நம் குலத்தொழில். அரிசியில் கல் பொறுக்கும் கண், காகிதக் கட்டில் மணி பொறுக்கவும் பழகட்டும்.