தவிட்டு ருசி கண்ட மீன்

விருதுநகர் மாவட்டத்து ஆறுகள் மழைக்கு மழைதான் ஓடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் மற்ற நாளில் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். அப்படியும் இங்கே தூண்டில்காரர்களுக்குக் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிவிட்டால், தை பிறந்ததும் கரையில் கழிகள் தென்படத் தொடங்கும். வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, பிளவக்கல் அணைப் பக்கமும் இதே கதைதான். பட்டாசு ஆலைகளுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் கொஞ்சம் கூடும்.

ஜிலேபி மீனை மண்புழு கோத்துப் போட்டால் சின்னப் பையன்கூடப் பிடித்துவிடுவான். கிலோக்கணக்கில் எடையுள்ள கெண்டை இனத்து மீனைக் கரையேற்றுவது வேறு சங்கதி.

கண்மாயில் பெரிதாக வளர்பவை பெரும்பாலும் குஞ்சாக வாங்கி விடப்பட்டவை. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். சாதாக் கெண்டை கடல் கடந்து வந்தது. அதன் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரே குளத்தில் விட்டாலும் இவற்றுக்குள் பந்திச் சண்டை அதிகம் வராது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில். மிருகாலும் சாதாக் கெண்டையும் தரையைக் கிளறித் தின்னும். எனவே எந்த மீன் வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் தக்கையை எந்த உயரத்தில் கட்டுவது என்பதே முடிவாகும். கட்லாவுக்கு ஆசைப்பட்டு இரையைச் சேற்றில் போட்டுவிட்டு, கண்மாயில் மீனே இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு.

தரைமீன் பிடிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்களுடைய செல்லம் ‘டென்ச்’. அதுவும் கெண்டைக் குடும்பம்தான்: பச்சை கலந்த பழுப்பு உடம்பு, பொடிச் செதில், வழவழப்பு, சிவந்த கண், வாயோரம் ஒரு ஜோடி குட்டி மீசை. சகதி நிறைந்த, அசையாத தண்ணீர் அதற்குப் பிடித்த இடம். 1870களில் நீலகிரிக்கும் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். பிரிட்டனில் 2001இல் பிடிபட்ட 15 பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலான டென்ச், அதாவது 6.9 கிலோ, பெரிய சாதனை. நம்மூர் மிருகாலோ 10 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. கண்மாய் ஒவ்வொரு கோடையிலும் வற்றிவிடுவதால் அந்த எடையை எட்டும்வரை அது வாழ்வதில்லை, அவ்வளவுதான்.

டென்ச் பிடிப்பவர்கள் முதலில் செய்வது தூண்டில் போடுவதல்ல, விருந்து வைப்பது. ரொட்டித்தூளும் சோளமுத்தும் புழுவும் கலந்து ஒரே இடத்தில் தூவி, மீன் கூடும்வரை காத்திருப்பார்கள். சிலர் முந்தைய நாளே தொடங்கிவிடுவார்கள். நம் கண்மாய்க்கும் இதே முறை அப்படியே பொருந்தும். அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி எடுத்து, கரைமண் கொஞ்சம் சேர்த்து, ஆரஞ்சுப்பழ அளவுக்கு உருட்டி எறிய வேண்டியதுதான். மண் கனத்தில் உருண்டை நேரே தரைக்குப் போய் மெல்லக் கரையும். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் புண்ணாக்குக்கா பஞ்சம்? இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மீன் பண்ணைகளில் கெண்டைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தீவனமே தவிடும் புண்ணாக்கும்தான். பிறந்த வீட்டுச் சாப்பாட்டின் வாசனை மீனுக்கு மறக்காது போலும்.

முள்ளில் கோக்க மைதா மாவு போதும், அதாவது புரோட்டாவுக்குப் பிசைகிற அதே பதம். தண்ணீரில் கரையாமலிருக்கத் துளி பஞ்சு சேர்த்துப் பிசைவார்கள். ஜிலேபியும் பொடிக்கெண்டையும் மாவைக் கொத்தித் தீர்க்கும் இடத்தில் மக்காச்சோளம் கைகொடுக்கும். டென்ச்சுக்கு இங்கிலாந்தில் பேர்பெற்ற இரையும் அதுதான். நம் கரிசல் காட்டில் அது மூட்டை மூட்டையாக விளைகிறது. வேகவைத்த இரண்டு முத்தை முள்ளில் ஏற்றினால் பொடிமீன் சீண்டிவிட்டுப் போய்விடும், பெரிய வாய் மட்டும் எடுக்கும். ஏலக்காய், வெந்தயம், வெனிலா எசென்ஸ் என்று ரகசிய மருந்து வைத்திருப்பவர்களும் உண்டு. வாசனை வேலை செய்யாமல் இல்லை. ஆனால் இடம் தவறினால் எந்த எசென்ஸும் காப்பாற்றாது.

தரைமீன் கொத்துவதைத் தக்கை காட்டும் விதமும் வேறு. ஈயக்குண்டை முள்ளுக்குப் பக்கத்திலேயே, நாலைந்து விரற்கடை தள்ளி, தரையில் படும்படி வைத்தால், மீன் தலை குனிந்து இரையை எடுத்து நிமிரும்போது குண்டும் சேர்ந்து தூக்கப்படும். பாரம் விட்ட தக்கை அமிழ்வதற்குப் பதில் மேலே எழும்பி மல்லாந்து படுத்துவிடும். அதுதான் வெட்டி இழுக்க வேண்டிய நேரம். 1950களில் இங்கிலாந்தில் பிரபலமான உத்தி இது. அதற்கு முன்பே, 1887இல், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ‘டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று குளத்து மீன்பிடிக்கென்றே ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

நேரத்தில் மட்டும் இங்கிலாந்தைப் பின்பற்றக் கூடாது. டென்ச் விடியற்காலை மீன். குறைந்த ஆக்ஸிஜனிலும் தாக்குப்பிடிக்கும். பாசி பிடித்துப் பச்சையான நம் கண்மாயில், ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டு, விடியும்போதுதான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாய் பிளக்குமே தவிர, தின்னாது. வெயில் ஏறி, காற்று வீசி, தண்ணீர் அலையடிக்கத் தொடங்கிய பிறகு, காற்று எதிரே வந்து மோதும் கரையில் உட்காருவது புத்திசாலித்தனம். தரையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி எழுந்து, கலங்கல் நகர்ந்தால் கீழே மேய்ச்சல் நடக்கிறது என்று பொருள்.

வெடிமருந்து கையாளும் வட்டாரம் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டா போட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 4ஆவது பிரிவும், விஷம் கலப்பதை 5ஆவது பிரிவும் குற்றமாக்கியுள்ளன. வெடி அதிர்ச்சியில் மீனின் காற்றுப்பை கிழிந்து பாதி மீன் அடியிலேயே போய்விடும். குஞ்சு குளுவானும் மிஞ்சாது. தூண்டில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கண்மாய் பொதுச்சொத்து என்றாலும் அதிலுள்ள மீன், மீன்பாசி குத்தகை எடுத்தவருடையது. கழியை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் ஏலம் எடுத்தவர் யாரென்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கரையேறுங்கள்.