பழம் தரும் நிறம்

வீட்டுச் சமையலறையில் கிடைக்கும் இயற்கை நிறங்களை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். திராட்சை, நாவல், மாதுளை ஆகியவற்றின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் குடும்பம். மாம்பழம், ஆரஞ்சு, பப்பாளி, தர்பூசணி ஆகியவற்றில் இருப்பது கரோட்டினாய்டு. பீட்ரூட்டுக்கும் சிவப்புச் சதையுள்ள டிராகன் பழத்துக்கும் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கும் நிறம் கொடுப்பது பீட்டாலைன். புதினாவின் பச்சை எல்லோரும் அறிந்த பச்சையம். விருந்துக்கு வண்ணப் பானம் செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எடுக்கும் பழம் இந்த நான்கில் எதைச் சேர்ந்தது என்பதைத்தான். புளிப்பு, சூடு, காற்று மூன்றும் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கின்றன.

கடையில் விற்கும் வண்ணப்பொடியின் வரலாறு 1856இல் தொடங்குகிறது. மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்ற பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தை உருவாக்கினார். துணிக்கு வந்த செயற்கைச் சாயங்கள் விரைவிலேயே உணவுக்கும் வந்தன. இந்தியாவில் உணவில் சேர்க்க எட்டுச் செயற்கை நிறங்களுக்கே அனுமதி உண்டு. அவற்றுக்கும் அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியிலிருந்து வருகிறது. துணிச்சாயமான ரோடமைன்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டது. குழந்தைகள் அதிகம் குடிக்கப்போகும் ஒரு பானத்துக்கு, பெயர் தெரியாத பொட்டலப் பொடியைவிடப் பழத்தின் தோல் எவ்வளவோ மேல். அந்த நிறம் செயற்கைச் சாயத்தைப் போல அசையாமல் நிற்காது என்பது உண்மைதான். அது எப்போது, ஏன் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த மாற்றத்தையே பானத்தின் அழகாக ஆக்கிவிடலாம்.

நான்கில் மிகவும் சுவையான குணம் ஆந்தோசயனினுக்குத்தான். புளிப்பு மிகுந்தால் சிவப்பு, குறைந்தால் ஊதா, இன்னும் குறைந்தால் நீலம், காரம் ஏறினால் பச்சை என்று அது நிறம் மாறும். ராபர்ட் பாயில் இதை 1664இல் வெளியான தம் நூலில் விவரித்தார். அவர் கையாண்ட பொருள் வயலட் பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த சர்பத். வெள்ளைத் தாளில் அதைச் சொட்டி, அமிலம் சேர்த்தபோது சிவந்தது. காரம் சேர்த்தபோது பச்சையானது. பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை அன்று ஒரு சர்பத் செய்திருக்கிறது. ரோஜாவின் சிவப்பும் கார்ன்ஃப்ளவர் பூவின் நீலமும் ஒரே நிறமியிலிருந்து வருகின்றன என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1913இல் காட்டினார். தாவர நிறமிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

திராட்சைச் சாற்றில் தண்ணீர் ஊற்றினால் நிறம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வெளுத்துச் சாம்பல் ஓடுவதை இந்தக் குணத்தைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். வெறுமனே நீர்த்துப்போவதால் மட்டும் அப்படி ஆவதில்லை. புளிப்பு குறையும்போது, சிவப்பாக இருந்த நிறமி மூலக்கூறோடு தண்ணீர் மூலக்கூறு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய வடிவத்துக்கு நிறமே கிடையாது. பி.எச். நான்கு, ஐந்து என்று ஏறும்போது நிறமியின் பெரும்பகுதி இந்த வடிவத்துக்குப் போய்விடுகிறது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் தண்ணீர் கழன்று சிவப்பு திரும்பி வரும். ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொரு தொல்லை. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடுவதால், அந்த நீரில் கலக்கிய திராட்சை, நாவல் பானங்கள் மங்கலாக நீலம் பாய்ந்து நிற்கும். வடிகட்டிய குடிநீரே இதற்குச் சரி. இரும்புச் சட்டியும் அலுமினியப் பாத்திரமும் கூடாது. அந்த உலோகங்கள் நிறமியோடு சேர்ந்து சாற்றைக் கருக்கச் செய்யும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

பழங்களில் நல்ல நீலம் கிடைப்பது அரிது. அந்தக் குறையைத் தீர்ப்பது வேலியில் படரும் கருநீலச் சங்குப்பூ. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் வரும் கருவிளை இதுதான். தாய்லாந்தில் இதை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை சேர்த்துக் குடிக்கிறார்கள். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் சோற்றுக்கே இந்த நீலத்தை ஏற்றுகிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதன் சாற்றைப் பானங்களுக்கான நிறமாக 2021இல் அனுமதித்தது. சங்குப்பூவில் இருப்பதும் ஆந்தோசயனின்தான். டெர்னாட்டின் என்பது அதன் பெயர். திராட்சை நிறமியைப் போல இது எளிதில் வெளுப்பதில்லை. மூலக்கூறின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கிளைகள் மடிந்து நடுவிலுள்ள நிறப்பகுதியை மூடிக்கொள்வதால், தண்ணீர் மூலக்கூறு அதை அணுக முடியாமல் போகிறது. வெறும் தண்ணீரில் நீலமாக இருக்கும் இந்தச் சாறு எலுமிச்சை பட்டதும் ஊதாவாகிறது; எலுமிச்சை கூடக்கூட இளஞ்சிவப்பை நோக்கி நகர்கிறது. சுவை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லாததால் எந்தப் பழத்தின் ருசியையும் இது கெடுக்காது. மருந்து தெளிக்காத, சாலைப் புகை படியாத கொடியின் பூவையே பறிக்க வேண்டும். இதழை மட்டும் எடுத்துக்கொண்டு பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளிப் போட வேண்டும். இச்செடியின் விதையும் வேரும் பேதியாக்கக்கூடியவை; அவை பானத்தின் பக்கமே வரக்கூடாது.

மற்ற குடும்பங்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கரோட்டினாய்டு தண்ணீரில் கரையாது. சதைத் துகள்களோடு ஒட்டியே இருக்கும். தர்பூசணிச் சாற்றைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நிற்பது இதனால்தான். அதை மெல்லிய துணியில் வடிகட்டினால் நிறமும் துணியோடு போய்விடும். புளிப்புக்கு இந்தக் குடும்பம் அசைந்து கொடுக்காது என்பது ஒரு நன்மை. பீட்டாலைனும் எலுமிச்சைக்கு நிறம் மாறாது, ஆனால் சூடு தாங்காது. டிராகன் பழத்தைக் கொதிக்கவிடாமல் பச்சையாக அடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். பீட்ரூட்டின் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் மண்வாசம் பழப் பானத்தோடு ஒட்டுவதில்லை, தவிர்ப்பதே நல்லது. புதினாவின் பச்சை எலுமிச்சையோடு சேர்ந்து நேரமானால் பாசி நிறத்துக்கு மங்கிவிடும். பச்சைய மூலக்கூறின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை அமிலம் வெளியேற்றுவதே காரணம். அரைப்பதாக இருந்தால் பரிமாறும் நேரத்தில் அரைக்க வேண்டும்; முழு இலையாகக் கிள்ளிப் போட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஆந்தோசயனினின் இந்த நிறமாற்றங்களை ஒரே கண்ணாடித் தம்ளரில் காட்டக்கூடியது பன்னீர் திராட்சையும் எலுமிச்சையும் சங்குப்பூவும் சேர்ந்த மூன்றடுக்குப் பானம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் புளிப்பும் கருந்தோலும் ஒன்றாக வாய்த்திருப்பதால் பாகுக்கு இதைவிடப் பொருத்தமான திராட்சை கிடைப்பது கடினம். நாவல் பழம் கிடைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அதையும் இதே முறையில் பயன்படுத்தலாம். அதன் துவர்ப்பை அடக்கச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக வேண்டும்.

பத்துத் தம்ளர் பானத்துக்கு அரைக் கிலோ திராட்சை போதும். நன்றாகக் கழுவி, காம்பு நீக்கி, அரைத் தம்ளர் தண்ணீரோடு இளந்தீயில் வைக்க வேண்டும். நிறமி தோலின் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சூடு அந்தச் செல்களை உடைத்து நிறத்தை வெளியே விடுகிறது. ஓரத்தில் சிறு குமிழிகள் வரும் பதத்தில் பத்து நிமிடம் வைத்து, மத்தால் மெதுவாக நசுக்கினால் போதும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் ஆந்தோசயனின் சிதைந்து பழுப்பேறும். மிக்ஸியில் அடிப்பது வேகமான வழிதான், ஆனால் விதை உடைந்து கசப்பு இறங்கிவிடும். துணியில் வடித்து, கிடைக்கும் சாற்றில் 300 மில்லிக்கு 240 கிராம் சர்க்கரையைச் சேர்த்துச் சூடு இருக்கும்போதே கரைக்க வேண்டும். ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றினால் மங்கலாக இருந்த ஊதா பளிச்சென்று சிவக்கும்.

அடுத்தது எலுமிச்சை நீர். 1,100 மில்லி குடிநீரில் ஐந்தாறு எலுமிச்சையின் சாறு, 90 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு கலந்து குளிர வைக்க வேண்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், சூடில்லாத நிலையில் சற்றுத் தித்திப்பாக இருப்பதே சரியான பதம். மூன்றாவதாக, 500 மில்லி வெந்நீரில் முப்பது சங்குப்பூக்களின் இதழ்களைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிக்க வேண்டும். இதழ் வெளுத்துப் போயிருந்தால் நிறம் முழுவதும் இறங்கிவிட்டது என்று பொருள். இதில் சர்க்கரை துளியும் சேர்க்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் அடுக்குகளின் சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரை கரையக் கரைய நீர்மம் கனமாகிறது. மேலே சொன்ன திராட்சைப் பாகு ஒரு லிட்டர் ஏறத்தாழ 1,240 கிராம் எடை இருக்கும். எலுமிச்சை நீர் 1,030 கிராம். சங்குப்பூ நீர் 1,000 கிராமுக்கு ஒட்டியே நிற்கும். கனமானது அடியிலும் லேசானது மேலேயும் தங்கும். பாகுக்கும் எலுமிச்சை நீருக்கும் இடைவெளி பெரிது. கொஞ்சம் கவனம் தப்பினாலும் பிழைத்துக்கொள்ளும். மேலிரண்டு அடுக்குகளுக்கு இடையே வித்தியாசம் சிறியது. அங்கே கை நிதானமாக இருக்க வேண்டும்.

தம்ளரில் முதலில் 30 மில்லி பாகு. அதன்மேல் விளிம்புவரை பனிக்கட்டி. பிறகு 120 மில்லி எலுமிச்சை நீரைப் பனிக்கட்டியின் மேல் விழுமாறு ஊற்ற வேண்டும். விழும் வேகத்தைக் கட்டிகள் உடைத்துவிடுவதால் கீழேயுள்ள பாகு கலங்காது. இறுதியாக 50 மில்லி சங்குப்பூ நீரைக் கவிழ்த்த கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட வேண்டும். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் தெளிவு, மேலே நீலம் தெரியும். நீலமும் எலுமிச்சையும் தொடும் இடத்தில் ஓர் ஊதா வளையம் தானாகவே உருவாகும். விருந்தினர் கையில் கொடுத்த பிறகு அவர்களே கலக்கட்டும். மொத்தப் பானமும் ஒரு நொடியில் செவ்வூதாவாக மாறுவதைப் பார்ப்பதில்தான் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அடுக்கு ஊற்ற நேரமில்லாத பெரிய விருந்துக்கு வேறு வழி உண்டு. சங்குப்பூ நீரையே பனிக்கட்டியாக உறையவைத்து எலுமிச்சை நீரில் போட்டால், கட்டி உருக உருகப் பானம் தெளிவிலிருந்து இளம் ஊதாவுக்கு மெதுவாக நிறம் ஏறும். சோடா விரும்புவோர் எலுமிச்சை நீரைப் பாதித் தண்ணீரில் அடர்வாகக் கலந்து வைத்துக்கொண்டு, மேசையில் வைத்துச் சோடாவைச் சேர்க்கலாம். ஆனால் குமிழிகள் அடுக்குகளைக் கலக்கிவிடும். அடுக்கும் சோடாவும் ஒரே தம்ளரில் சேராது. எதுவானாலும் பனிக்கட்டி குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும்.

திராட்சைப் பாகைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வெளிச்சம், காற்று, சூடு மூன்றும் அதன் நிறத்தைக் குறைக்கும் என்பதால் புட்டியை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுவது நல்லது. பழச்சாறுகளைக் கெடாமல் வைக்கப் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை இதில் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் கந்தக டைஆக்சைடு ஆந்தோசயனினை வெளுக்கச் செய்துவிடும். சிவப்பு, ஊதாப் பழங்களின் ஸ்குவாஷுக்குச் சோடியம் பென்சோயேட்டைப் பரிந்துரைப்பது இதனால்தான். விருந்துக்கு முந்தைய நாள் செய்யும் பாகுக்கு இரண்டும் தேவையில்லை. சங்குப்பூ நீரை அன்றன்று ஊறவைப்பதே சிறந்தது. மிஞ்சினால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். எலுமிச்சை நீரை மட்டும் மறுநாளுக்கு வைக்க வேண்டாம், கசப்பேறிவிடும்.