இரண்டு வினாடி ஓடி நிற்கும் பம்ப்

பழைய செவ்ரோலே பிக்கப் வண்டிக்குள் புது தலைமுறை எஞ்சினை இறக்கியவர்களில் பலர் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் டேங்கிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். இரண்டு வினாடி கேட்கும், அப்புறம் ஒன்றுமில்லை. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது பம்ப் வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் அதே இரண்டு வினாடி ஓடி நின்றுவிடுகிறது.

பம்பில் கோளாறே இல்லை. அந்த இரண்டு வினாடி, எஞ்சினை ஆளும் கணினி அதற்குக் கொடுத்த தவணை. சாவி போட்டதும் குழாயில் அழுத்தம் ஏற்ற அவ்வளவு போதும். அதற்குள் எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தி வராவிட்டால் கணினி பம்பை நிறுத்திவிடும். நம் ஊர் பி.எஸ். 6 பைக்குகளில் சாவி போட்டதும் கேட்கும் சன்னமான முனகலுக்கும் இதுதான் காரணம்.

1967 முதல் 1972 வரை வந்த சி-10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் வி-8 எஞ்சினில் பெட்ரோல் பம்புக்கு வயரே கிடையாது. கேம்ஷாஃப்டில் ஒரு புடைப்பு. அது ஒரு தண்டைத் தள்ள, தண்டு பம்பின் நெம்புகோலைத் தள்ளும். ஐந்து முதல் ஏழு பி.எஸ்.ஐ. அழுத்தம் வரும், கார்புரேட்டருக்கு அது தாராளம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். இந்தப் பாதுகாப்பை யாரும் தனியாக யோசித்துச் சேர்க்கவில்லை. அமைப்பிலேயே அது இருந்தது.

1997இல் கார்வெட் காரில் எல்.எஸ்.1 என்ற வி-8 வந்தது. 1999 முதல் அதன் உறவுக்கார எஞ்சின்கள் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் லட்சக்கணக்கில் இறங்கின. இன்று அமெரிக்கக் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வலுவான எஞ்சின் அதுதான் என்பதால், பழைய வண்டிக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அதன் இன்ஜெக்டர்களுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மின்சார பம்ப்தான் வழி, அதுவும் பெரும்பாலும் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி ஓடும் பம்ப்.

மோட்டாரின் பிரஷ்களில் பொறி பறக்கும். அது பெட்ரோலுக்குள் இருந்தும் ஏன் வெடிப்பதில்லை? தீப்பிடிக்கக் காற்றும் ஆவியும் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பற்றாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. மூடிய டேங்கில் திரவத்துக்கு மேலே இருக்கும் ஆவி சாதாரண வெப்பநிலையில் அந்த மேல் எல்லையை வெகுவாகத் தாண்டியிருக்கும். திரவத்துக்குள்ளோ காற்றே இல்லை. போதாக்குறைக்கு, சுற்றி ஓடும் பெட்ரோலே மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. மின்சார பம்புக்கு எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடுவதை அதற்கு யார் சொல்வது? ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கிடைத்தது. 1971இன் செவ்ரோலே வேகாவில் ஆயில் அழுத்தம் சொன்னது: ஆயில் அழுத்த ஸ்விட்ச் வழியாகவே பம்புக்கு மின்சாரம் போகும். பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக்கில் எஞ்சின் இழுக்கும் காற்று சொன்னது. காற்றளவியின் கதவு காற்றில் விலகினால் உள்ளே ஒரு தொடுமுனை சேரும், பம்ப் ஓடும். 1980களின் டொயோட்டாக்களிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். ஃபோர்டு ஒரு படி மேலே போய், காந்தம் பிடித்திருக்கும் ஒரு எஃகுக் குண்டை வைத்தது. மோதலில் குண்டு துள்ளி மேலே எழும்பி மின் இணைப்பைத் துண்டித்துவிடும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது காற்றுக் கதவுதான். கணக்கு, நிரல் எதுவும் வேண்டாம். எஞ்சின் மூச்சு விட்டால் பெட்ரோல்.

எல்.எஸ். எஞ்சினில் அந்தச் செய்தியைக் கொண்டுவருவது கிராங்க் சென்சார். கிராங்க்ஷாஃப்டில் பல்வெட்டிய வளையம் ஒன்று சுற்றும். பற்கள் கடந்துபோவதைச் சென்சார் எண்ணும். முதல் தலைமுறையில் ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு. அடுத்த தலைமுறையில் 60 பல்லில் இரண்டை விட்டு 58. எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும் கணினி இன்னொரு வண்டியிலிருந்தும் வந்தால், 58ஐ எண்ணும் கணினிக்கு 24 புரியாது. எஞ்சின் சுற்றவே இல்லை என்று முடிவுசெய்யும். பம்பும் ஓடாது, பொறியும் வராது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் சுழற்சி எண் பூஜ்யமாகவே நின்றால் பம்ப் பக்கம் போகாதீர்கள், முதலில் அந்தச் சென்சாரைப் பாருங்கள்.

அந்த இரண்டு வினாடிச் சத்தம்கூட வரவில்லை என்றால் கதை வேறு. அப்போது ரிலேயைப் பார்க்க வேண்டும். சாதாரண ரிலேயில் 85, 86 என்ற முனைகள் உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு. 30இல் பேட்டரி மின்சாரம் நுழையும், 87 வழியாகப் பம்புக்குப் போகும். பல நிறுவனங்களின் கணினிகள் சுருளின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து ரிலேயை இயக்குகின்றன. மறுமுனையில் சாவி வழியாக 12 வோல்ட் காத்திருக்கும். எல்.எஸ். கணினி அதற்கு நேர்மாறு, தானே 12 வோல்ட் கொடுக்கும். மறுமுனை எர்த்தில் இருக்க வேண்டும். வழக்கமான பழக்கத்தில் மறுமுனைக்கும் 12 வோல்ட் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் 12. வித்தியாசம் பூஜ்யம், சுருளில் மின்னோட்டமே இருக்காது. சுருளின் எந்த முனையில் மீட்டரை வைத்தாலும் 12 வோல்ட் இருக்கிறது என்றே காட்டும். எஞ்சின் மாற்றத்தில் ஆளை அதிகம் சுற்றவிடும் பிழை இதுதான் என்பேன்.

இன்னொன்று சாவியில் ஒளிந்திருக்கும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியின் பலம் முழுதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று ரேடியோ, ஹீட்டர் விசிறி போன்றவற்றுக்கான இணைப்பைச் சாவி துண்டித்துவிடும். கணினிக்கு அந்த வயரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால், எஞ்சின் சுற்றும் அந்த நொடியில் கணினியே அணைந்துவிடும். சாவி போட்டதும் பம்ப் ஒழுங்காக முனகும், செல்ஃப் அடித்தால் எல்லாம் செத்துப்போகும். சாவி ‘ஆன்’ நிலையில் மட்டும் மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. செல்ஃப் அடித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

மீட்டர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் மின்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அது வயரிலிருந்து எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். பச்சை பூத்து ஆயிரம் ஓம் தடையாகிவிட்ட இணைப்பின் வழியாகவும் அது முழு 12.6 வோல்ட்டைக் காட்டும். அதே இணைப்பில் பம்பை மாட்டினால் சுமார் 12 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும், மோட்டார் அசையாது. கிணற்றுக் கயிறு சும்மா தொங்கும்போது முழுசாகத்தான் தெரியும், நிறைகுடம் மேலே வரும்போதுதான் இற்றுப்போனது தெரியும். அதனால் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். காட்டுகிற வோல்ட் அத்தனையும் வழியில் வீணாவது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட் போய்விடும். பம்பின் வேகம் இறங்கும், 58 பி.எஸ்.ஐ. தள்ள வேண்டிய இடத்தில் பெட்ரோல் அளவு அதைவிட வேகமாகச் சரியும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேட்டில் ஏறும்போது திணறும்.

எர்த் பக்கத்தையும் இதே முறையில் அளக்க வேண்டும். பெயின்ட் அடித்த சேசிஸில் அப்படியே போல்ட் முறுக்கியிருப்பார்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். போன மின்சாரம் திரும்ப வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும்.

பம்பின் தலையில் விழும் இன்னொரு பழியும் உண்டு. 1986 கார்வெட்டில் சாவியின் தண்டில் சிறு மின்தடை வில்லை ஒன்றைப் பதித்தார்கள், 15 மதிப்புகளில் ஏதோ ஒன்று. அது பொருந்தாவிட்டால் வண்டி கிளம்பாது. இந்தத் திருட்டுத் தடுப்புப் பூட்டின் வாரிசு எல்.எஸ். கணினிகளிலும் உண்டு. பூட்டை நீக்காத கணினியோடு எஞ்சின் வந்தால், பம்ப் நன்றாக ஓடும், இன்ஜெக்டர் திறக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதனைக்காக ரிலேயைக் கழற்றி 30ஐயும் 87ஐயும் ஃபியூஸ் வைத்த வயரால் இணைத்துப் பம்பை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஓடினால் அங்கிருந்து பம்ப் வரைக்குமான பாதையில் அறுப்பு இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கப் பொறுமை இல்லாமல், டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்சை வைத்துப் பம்பை நிரந்தரமாக நேரடியாக ஓட்டாதீர்கள். எஞ்சின் நின்றாலும் அது 58 பி.எஸ்.ஐ.யில் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 1972 வரை வந்த சி-10 பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் இருப்பது ஆட்கள் உட்காரும் அறைக்குள், இருக்கைக்கு நேர் பின்னால்.